தாபோடியில் இரண்டு பேர் கேட்ட ஒரே கேள்வி

"அப்போ யாரு எடுத்தா?"

இதை என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தி என் மகள் ஜெனி, ஐந்து வயது. இன்னொருத்தி என் அக்கா பியூலா. புனேயில், தாபோடி என்கிற பகுதியில், அக்கா வீட்டு முன்னறையில், ஒரே மாலையில் கேட்டார்கள். இருவருக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மகள் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒன்றைச் சொன்னால் அது அக்காவை உடைத்துவிடும். அக்கா எழுந்து நடமாடுவதற்கு வேண்டியதைச் சொன்னால் மகள் தூங்க மாட்டாள்.

புனேக்குப் போனவர்கள் கோட்டைகளைப் பற்றியும் குளிர்காற்றைப் பற்றியும் எழுதுவார்கள். நான் போனது மே மாத வெயிலில், துக்க வீட்டுக்கு. அக்காவின் ஒரே மகன் எபி, அடுக்குமாடி வாசலில் தண்ணீர் டேங்கர் பின்னால் வரும்போது அதன் சக்கரத்தில் போய்விட்டான். முதல் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தவன். அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை, ஜெனிக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு மாதம் கழித்து வைக்கும் ஜெபக்கூட்டத்துக்காவது போக வேண்டும் என்று கிளம்பினேன். பிள்ளையைக் கூட்டிப் போகலாமா, விட்டுப் போகலாமா என்று கணவரிடம் நான் கேட்ட கேட்பில் அவர் கடைசியில், "நீ என்ன முடிவு பண்ணாலும் அடுத்த நிமிஷம் மாத்தத்தான் போற. கூட்டிட்டே போ" என்றார்.

தூத்துக்குடியிலிருந்து யார் எந்த ஊருக்குப் போனாலும் கையில் மக்ரூன் டப்பா இருக்கும். எனக்கும் இருந்தது. துக்க வீட்டுக்கு இனிப்பு எடுத்துப் போகக் கூடாது என்பது ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எபிக்குப் பிடிக்குமே என்று கைப்பழக்கத்தில் வாங்கியிருக்கிறது. அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தூக்கிப் போடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் கூசிப்போய், வழி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

புனே ஆட்டோக்காரர் நான் சொல்லாமலே மீட்டரைப் போட்டார். எங்கள் ஊர்க்காரிக்கு அது பெரிய அதிசயம். ஆனால் தாபோடி ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர் எங்களைத் தப்பான பக்கத்தில் இறக்கிவிட்டு, "ஸாம்னே ஹை, மேடம்" என்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் ஜெனி, கக்கத்தில் மக்ரூனோடு நடைபாலத்தில் ஏறினேன். மூச்சு வாங்கி நின்றபோது, வெள்ளைத் தொப்பி வைத்த வயதானவர் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். தெருவைச் சொன்னேன், மாடியைச் சொன்னேன்.

"ஓ, அந்த டேங்கர் வீடா?" என்றார் இந்தியில்.

எபி என்ற பெயர் போய், வில்சன் அத்தான் வீடு என்ற பெயரும் போய், அது டேங்கர் வீடு ஆகிவிட்டது. பாலத்தின் அந்த முனையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் வானத்தைக் காட்டினார். "எல்லாம் மேலே இருப்பவன் விருப்பம், மகளே." நல்ல மனிதர். என் பெட்டியைச் சுமந்தவர். அவரை எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் அக்கா வீட்டுப் படியில் கால் வைக்கும் முன்பே முதல் விளக்கம் வந்துவிட்டது. கோபமும் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அக்கா அழவில்லை. "வந்துட்டியாட்டி. பிள்ளைக்கு அம்மைத் தழும்பு விழலியே?" என்று ஜெனியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மக்ரூன் டப்பாவை நான் மறைத்தேன். அவள் பிடுங்கி, எபியின் சின்னப் படத்துக்கு முன்னால் வைத்தாள். "அவனுக்குத்தானே வாங்கின. அங்ஙனயே இருக்கட்டும்."

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எபியின் வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கு ஓர் அட்டை எடுப்போம். அந்த வருடம் முழுக்க அதில் இருக்கும் வசனம் நமக்கான வாக்கு. எபி எடுத்த அட்டை, கடவுள் அவனைக் காவல் காப்பதாகச் சொல்லியது. அதன் மேல் அவன் ஒரு மஞ்சள் லாரி ஒட்டுப்படத்தை ஒட்டியிருந்தான். யாரும் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் தைரியம் வேண்டும், விட்டுவைக்கவும் தைரியம் வேண்டும். அந்த வீட்டில் எது இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ரூபி ஆன்ட்டி வந்தார்கள். அக்கா போகும் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. பெற்றோர் காலத்திலேயே கண்டோன்மெண்டில் குடியேறிய குடும்பம், ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த ஒரு மாதமும் அக்கா வீட்டுக்குச் சோறு வந்தது அவர்கள் அடுப்பிலிருந்துதான். எபியின் இரத்தம் பட்ட அக்காவின் துணியை அலசிப் போட்டதும் அவர்கள்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம்.

ஜெனியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்கள்: "எபி அண்ணா எங்கே தெரியுமா? இயேசப்பா தோட்டத்துல. தோட்டத்துல எந்தப் பூ அழகோ அதைத்தானே நாம பறிப்போம்? எபி ரொம்ப நல்ல பிள்ளை. இயேசப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எடுத்துக்கிட்டார்."

அக்கா தலையாட்டினாள். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். ஜெனி மட்டும் ஆட்டவில்லை.

மறுநாள் காலையில் அந்த டேங்கரைப் பார்த்தேன். அதே டேங்கர்தான். பிள்ளையைக் கொன்ற வண்டி மறுபடி அதே வாசலுக்கு எப்படி வரும் என்று தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். மே மாதத்துத் தாபோடியில் கேட்க முடியாது. குழாயில் தண்ணீர் இல்லை. மாடி மாடியாக ஆட்கள் வாளியோடு நிற்கிறார்கள். அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய சின்ன டேங்கர் அது ஒன்றுதான் என்றார்கள்.

அதன் பின்பக்கம் புதிதாக எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்துக் கட்டியிருந்தது. கறுப்பு முகத்தில் நாக்கை நீட்டும் திருஷ்டி பொம்மை ஒன்று. குங்குமப் பொட்டு. பூசை போட்டிருக்கிறார்கள். பின்னால் வரும்போது சத்தம் போடும் ஹார்ன் மட்டும் இல்லை. எபி செத்தபோதும் இல்லை, இப்போதும் இல்லை. எலுமிச்சம்பழம் கட்ட நேரம் இருந்தவனுக்கு ஹார்ன் மாட்ட நேரம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

டேங்கருக்குப் பின்னால் ஒருவன் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தான். அத்தானின் தம்பி செல்வின். கணினி வேலை, குடியிருப்பது ஔந்தில். அலுவலகம் போகும் முன் தினமும் பைக்கில் இங்கே வந்து டேங்கருக்குப் பின்னால் நிற்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். கடவுள் இல்லை என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லி, கிறிஸ்துமஸ் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தவன்.

கீழே போனேன். தெருமுனைத் தேநீர்க் கடையில் எனக்கு அரை கிளாஸ் சாயாவும் ஜெனிக்குப் போஹாவும் வாங்கிக் கொடுத்தான். போஹா என்றால் நம் அவல் உப்புமாதான், ஆனால் மேலே ஓமப்பொடியைத் தூவி, எலுமிச்சை பிழிந்து, அதற்கு ஒரு கம்பீரம் கொடுத்துவிடுகிறார்கள். ஜெனி ஓமப்பொடியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் மெல்லச் சொன்னான். புனேயில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"இந்த பில்டிங்ல ஒரு சிஸ்டம் இருக்கு, மெர்சி. டேங்கர் வந்தா ஒருத்தர் போய் கேட் திறந்து, பின்னால நின்னு, 'ஆனே தோ, ஆனே தோ'ன்னு சொல்லணும். வரட்டும் வரட்டும்னு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாரி. மத்லப்... முறை. அன்னைக்கு மைனியோட பாரி."

அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். அதாவது என் அக்கா.

"ஸ்டவ்ல பால் வச்சிருந்தாங்க. எபி 'நான் போறேன்'னு ஓடியிருக்கான். தினமும் அவனும் கூட நின்னு கத்துவான்ல, அவனுக்கு அது ஒரு கேம். பின்னால நின்னு கத்தியிருக்கான். டிரைவருக்குக் கண்ணாடில ஆள் தெரியல. குரல் மட்டும் கேட்டிருக்கு. வா, வான்னு."

சாயா என் கையிலேயே ஆறியது.

"மைனிகிட்ட யாரும் இதைப் பேசறதில்ல. டேங்கர் ஓனர் வந்தான், மைனி காலைத் தொட்டான். ரூபி ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? 'நாங்க மன்னிச்சிட்டோம், இது கர்த்தர் சித்தம்.' அவன் எவ்வளவு சந்தோஷமா போனான் பார்த்திருக்கணும். கர்த்தர் சித்தம்னா ஹார்ன் எதுக்கு? டிரைவருக்கு ஹெல்பர் எதுக்கு? கேஸ் எதுக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஒரே வார்த்தையில."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் கடவுளை நம்புகிறவள், இந்த வரியை எழுதும்போதும் நம்புகிறேன். ஆனாலும் அவன் சொன்னது சரி.

மேலே வந்தால், எதிர்வீட்டு மராத்தி அம்மா ஒரு கிண்ணத்தில் மாம்பழச் சாறும் தட்டில் பூரியுமாக நின்றுகொண்டிருந்தார். காக்கு என்று கட்டடமே கூப்பிடுகிறது. நம் ஊரில் சித்தி என்பது போல. மாம்பழத்தைப் பிழிந்து பூரிக்குத் தொட்டுக்கொள்வதை நான் அன்றுதான் சாப்பிட்டேன். ருசிக்கக் கூடாது என்று நினைத்தேன், ருசித்தது. அக்கா உள்ளே போனதும் காக்கு என் தோளைத் தொட்டு, இந்தியும் மராத்தியுமாகச் சொன்னார்: போன பிறவியில் தீராத பந்தம் ஏதாவது இருந்தால் அந்த உயிர் நம் வயிற்றில் வந்து பிறக்குமாம். தீர்ந்த அன்று போய்விடுமாம். பியூலாவுக்கும் எபிக்கும் ஆறு வருடத்தில் தீர்ந்துவிட்டதாம்.

அடுப்பில் பால் பொங்கிய நேரத்தில் அது தீர்ந்ததா காக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ஜெபக்கூட்டத்துக்காக எபியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கி வரச் சொன்னாள் அக்கா. கடை ஔந்தில். பேருந்தில் போனோம். ஜெனி அன்று பிசாசு பிடித்தவள் மாதிரி இருந்தாள். முன்னிருக்கைப் பெண்ணின் பின்னலை இழுத்தாள். தரையில் துப்பினாள். ஜன்னல் கம்பியை நக்கினாள். வெயில், ஊர் மாற்றம், அம்மை வந்த உடம்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கிளம்பும்போது இன்னொன்றும் நடந்திருந்தது. எபியின் படத்துக்கு முன்னால் இருந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து, சுவரில் இருந்த இயேசு படத்தை முறைத்துக்கொண்டே, இரண்டு கன்னமும் புடைக்கத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு உயிர் போனது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "தின்னட்டும் விடுட்டி. அவன் இருந்தாலும் இவ பிடுங்கித்தான் தின்னிருப்பா."

ஔந்தில் செல்வின் மதிய இடைவேளையில் வந்து எங்களைத் தோசை தின்னக் கூட்டிப்போனான். சாம்பாரில் வெல்லம். ஜெனி அதற்கும் முகத்தைச் சுளித்து, தோசையைக் கிழித்துக் கீழே போட்டாள். பிறகு அவனிடம் கேட்டாள்: "சித்தப்பா, எபி அண்ணா தோட்டத்துலயா இருக்கான்?"

நான் தடுத்திருக்கலாம். அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று ஒரு நப்பாசை.

"இல்லம்மா. தோட்டம் எல்லாம் கதை. எபி எங்கயும் இல்ல. லைட் ஆஃப் பண்ணா வெளிச்சம் எங்க போகும்? எங்கயும் போகாது. இல்லாம போயிடும். அது மாதிரி."

"வலிக்குமா?"

"வலிக்காது. ஒண்ணுமே தெரியாது."

"எல்லாரும் ஆஃப் ஆவாங்களா? அம்மாவும்?"

"ஒரு நாள். எல்லாரும்."

அவனுக்கு அது ஆறுதல். முகத்திலேயே தெரிந்தது. பொய் சொல்லாமல் ஒரு பிள்ளையிடம் பேசிவிட்ட திருப்தி. ரூபி ஆன்ட்டி முகத்திலும் அதே திருப்தியைத்தான் முந்தின மாலை பார்த்தேன். எனக்கு அவனுடைய டம்ளர் தண்ணீரை அவன் தலையிலேயே ஊற்ற வேண்டும்போல் இருந்தது. ஜெனி உணவகத்தின் மின்விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேருந்து பாதிவழியில் நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து புகை. ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்றார். எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பேசாமல் கைபேசியை எடுத்தார்கள். பக்கத்தில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, என் மடியிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்து, சாமி படமா என்று மராத்தியில் கேட்டார். கணபதியா, தத்தாத்ரேயரா?

"எபி அண்ணன்," என்றாள் ஜெனி தமிழில். "செத்துப்போனான்."

அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை. பொட்டலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜெனிக்கு ஒரு கொய்யா எடுத்துக் கொடுத்தார். ஜெனி அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள்.

நான் அடித்துவிட்டேன். முதுகில், ஓங்கி.

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் கெட்ட பிள்ளைதானேம்மா?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல்.

"ஆமா! ரொம்பக் கெட்ட பிள்ளை!"

"அப்போ என்னை எடுக்க மாட்டார்ல?"

பேருந்து நின்ற இடத்தில் ஒரு வேப்பமரம்கூட இல்லை. தகரம் கொதித்தது. எபியின் கண்ணாடிச் சட்டம் தொடையில் சுட்டது. பின்னலை இழுத்தது, துப்பியது, மக்ரூன் தின்றது, கொய்யா எறிந்தது, எல்லாம் வரிசையாக எனக்குப் புரிந்தது. நல்ல பிள்ளையை அவருக்குப் பிடிக்கும். பிடித்தால் எடுத்துக்கொள்வார். என் மகள் கடவுளின் கண்ணில் படாமல் இருக்க உழைத்துக்கொண்டிருந்தாள். வெறும் ஐந்து வயதில், தனியாக, யாரிடமும் சொல்லாமல். நான் அதற்கு அடித்திருக்கிறேன்.

கொய்யாக்கார அம்மா என்னைத் திட்டினார். என்ன திட்டினார் என்று புரியவில்லை. புரியத் தேவையில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெபக்கூட்டம். செருப்புகள் மாடிப்படி வரை கிடந்தன. சமோசாவும் வடாபாவும் அடுப்படியில் மூடி வைத்திருந்தார்கள். பெரிய படத்தில் எபி சிரித்துக்கொண்டிருந்தான். பாட்டு, ஜெபம், பிறகு சாட்சி. எங்கள் வழக்கத்தில் இது முக்கியம். ஒவ்வொருவராக எழுந்து கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். துக்க வீடு என்றாலும் விடமாட்டார்கள். துக்க வீடு என்றால்தான் அதிகம் எதிர்பார்ப்பார்கள். அழாமல் நன்றி சொல்லும் தாயைவிடப் பெரிய சாட்சி ஏது?

அக்கா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கர்த்தர் எனக்கு ஆறு வருஷம் எபியைத் தந்தார். அவருக்கு வேணும்னு எடுத்துக்கிட்டார். அவரே எடுத்தார். ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். கதவோரம் நின்ற செல்வின் தரையைப் பார்த்தான். அண்ணனுக்காக வந்திருந்தான், ஆமென் சொல்லவில்லை.

அப்போது வானம் இருட்டி இடித்துக்கொண்டிருந்தது. வெயில் மாதத்தில் புனேயில் சாயங்காலம் இப்படி வருமாம். ஒரு பெரிய இடி. கரண்ட் போனது.

ஜெனி போட்ட சத்தத்தில் கைகள் கைபேசிக்குப் பாய்ந்தன. "ஆஃப் ஆயிட்டு! அம்மா! ஆஃப் ஆயிட்டு!" ஒவ்வொரு முகமாக வெளிச்சம் வந்தது. அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். ரூபி ஆன்ட்டி தவழ்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "பயப்படாதடா தங்கம். நீ நல்ல பிள்ளைதானே? இயேசப்பாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்."

"பிடிக்காது!" ஜெனி அவர்கள் கையைக் கடித்தாள். "என்னைப் பிடிக்காது! நான் கெட்டவ! நான் மக்ரூன் திருடினேன்! என்னை எடுக்கக் கூடாது!"

அந்த நிமிடம் எனக்கு எல்லோர்மேலும் வந்தது கோபம். தோட்டம் வைத்த ஆன்ட்டிமேல், விளக்கணைத்த செல்வின்மேல், பந்தம் தீர்த்த காக்குமேல், எலுமிச்சம்பழம் கட்டியவன்மேல், தலையாட்டிய என்மேல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினேன்: "ஜெனி, கேளு. இயேசப்பா எபிய எடுக்கல. அவர் யாரையும் எடுக்க மாட்டார். எடுக்கல!"

மழை ஜன்னலில் அறைந்தது. ஜெனி என் கழுத்தில் ஈர முகத்தை வைத்துக்கொண்டு, "அப்போ யாரு எடுத்தா?" என்றாள்.

எதிர்ப்பக்கம் படத்துக்கு அருகிலிருந்து அதே கேள்வி வந்தது. கோபமில்லை, சத்தமில்லை. "சொல்லுட்டி. அவர் எடுக்கலைனா, அப்போ யாரு எடுத்தா?"

அக்கா என்னையே பார்த்தாள். செல்வின் தலையைத் தூக்கினான். அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று பயந்தேன். பதில் அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். அடுப்புப் பால், ஆனே தோ. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் முழுக்க வாதாடியவன், என் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போனான். ரூபி ஆன்ட்டி கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே, முதல் முறையாக, ஒரு வசனமும் சொல்லவில்லை.

மூன்று நாளும் பேசாத வில்சன் அத்தான்தான் எழுந்தார். "டீ ஆறுது," என்றார். "எல்லாரும் சாப்பிடுங்க." கைபேசி வெளிச்சத்தில் பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டாவை வைத்து வைத்து, ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டே போனார்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் டேங்கர் வந்தது. மழையில் சாலை முழுக்க மரம் விழுந்து, செல்வின் வர நேரமாகிவிட்டது. யார் முறையோ, யாரும் இறங்கவில்லை. பெட்டியோடு நான் படியில் வருவதற்குள், அக்கா எனக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். நைட்டியின் மேல் துப்பட்டா. எபி போன பிறகு அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. சர்ச்சுக்குப் போகவும் பின்வாசல்தான்.

கேட்டைத் திறந்தாள். பின்னால் போய் நின்றாள். டேங்கர் அசைந்தது. எலுமிச்சையும் மிளகாயும் ஆடின. அவளுக்கு 'ஆனே தோ' வரவில்லை. உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி அறைந்தாள். மறுபடி அறைந்தாள். ஓட்டுநர் நிறுத்தி எட்டிப் பார்த்தான். யார் என்று தெரிந்ததும் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஹார்ன் லகாவ்!" என்று கத்தினாள். "பஹலே ஹார்ன் லகாவ்! ஃபிர் பானி!" முதலில் ஹார்ன் மாட்டு, பிறகு தண்ணீர். மேலே வாளியோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் இறங்கவில்லை. டேங்கர் வந்த வழியே போனது.

ஆட்டோவுக்கு நிற்கும்போது அவளிடம் மெதுவாக, "அக்கா, நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியாக்கும்," என்றாள். "யார் பாரி, யார் அடுப்புல நின்னா, எல்லாம் தெரியும். செல்வினு வாயை மூடிக்கிட்டா தெரியாமப் போயிருமா? கேளு. அவர் எடுத்தார்னு வச்சாத்தான் அவர்ட்ட நான் சண்டை போட முடியும். ராத்திரி பூரா போடுதேன் தெரியுமா? கேக்காத கேள்வி இல்ல, பேசாத பேச்சு இல்ல. அவர் எடுக்கலைனு நீ சொன்னா, நான் யார்ட்ட போய்ச் சண்டை போடுவேன்? டேங்கர்ட்டயா? பால்ட்டயா?"

அவள் ஸ்தோத்திரம் சொன்னதைப் பணிவு என்று சபை நினைத்தது, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று செல்வின் நினைத்தான், நானும் ஏதேதோ நினைத்தேன். அது குற்றச்சாட்டு. பேர் சொல்லிக் குற்றம் சாட்டியிருக்கிறாள்.

ஆட்டோ வந்தது. ஜெனியைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். வழக்கமாக "நல்ல பிள்ளையா இருக்கணும்" என்பாள். அன்று ஒரு நொடி தயங்கி, "நீ இப்ப இருக்க மாதிரியே இருந்துக்கோட்டி" என்றாள்.

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். ஜெனி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கச் சொன்னால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஞாயிறுப் பள்ளியில் பரிசு கொடுத்தார்கள், வாங்க மாட்டேன் என்று மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டாள். போன வாரம் அக்கா கூப்பிட்டாள். டேங்கரில் ஹார்ன் மாட்டிவிட்டார்களாம், பின்னால் வரும்போது ஏதோ பாட்டு பாடுகிறதாம். கிறிஸ்துமஸுக்கு அத்தானும் அவளும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கப்போகிறார்கள். செல்வினையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சாப்பாட்டு மேசைதான். அக்காவும் ஜெனியும் அதில் உட்காருவார்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒருத்திக்கு அவர் எடுத்திருக்க வேண்டும், ஒருத்திக்கு அவர் எடுத்திருக்கவே கூடாது. வாசகர்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். வசனம் அனுப்ப வேண்டாம், என்னிடம் இருக்கிறது. விபத்து என்ற ஒற்றை வார்த்தையும் வேண்டாம், அதையும் கேட்டாகிவிட்டது. பூ, தோட்டம், விளக்கு, பிறவி எதுவும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருத்தியின் முகத்தையும் பார்க்கப் பயப்படாமல் நான் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் இருந்தால் போதும். அப்படி ஒன்று இல்லையென்றால், சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்றாவது சொல்லுங்கள்.